இருபத்தினாலு பெட்டிப் பனி

கழட்டாதீங்க அகாய். அந்த ஆக்சிஜன் முகமூடியைக் கழட்டினீங்கன்னா அப்புறம் நான் பொறுப்பு இல்ல, சொல்லிட்டேன். ஏதாவது வேணும்னா கையைக் காட்டுங்க, புரிஞ்சுக்குவேன். ஆறு வாரமா அகாய் அகாய்னு, வாத்தியாரு முன்னாடி நிக்கிற பிள்ளை மாதிரி உங்க பேச்சையேதானே கேட்டுக்கிட்டு இருக்கேன், இன்னைக்கு ஒரு காலைப் பொழுது என் பேச்சை நீங்க கேளுங்களேன். ஹெலிகாப்டர் வர இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். கீழ கரக்கோல் ஊர்ல இப்பத்தான் டாக்டரை ஏத்திக்கிட்டு இருக்காங்களாம். ரேடியோவில சொன்னாங்க.

என்ன? பெட்டியா? இருக்கு, இருக்கு, எங்க போயிடும். இந்தக் கூடாரத்துக்குப் பின்னாடிதான் அடுக்கி வச்சிருக்கு. இருபத்தினாலு பெட்டிப் பனியும் இருக்கு. மேல தார்ப்பாய், அதுக்கு மேல வெள்ளைத் துணி. ஜர்லிக் சுத்தி பனியை அள்ளிப் போட்டிருக்கான், பாவம், சமைக்க வந்தவன், விடிஞ்சதுலேருந்து மண்வெட்டியும் கையுமா நிக்கிறான்.

ஆமா, வெயில் அடிக்குது. ஆகஸ்ட் மாசம் அடிக்காம? மேல, நீங்க துளை போட்ட இடத்துல, அஞ்சாயிரத்து நூறு மீட்டர்ல, அந்தப் பெட்டிங்க ஒரு மாசம் கிடந்தாலும் கல்லு மாதிரி இருக்கும். இது நாலாயிரம்தானே. காலடியில கல்லும் சேறும். மத்தியானம் ஆனா சட்டையோட நிக்கலாம். ஹெலிகாப்டர் இதுக்கு மேல ஏறாது, அதனாலதான் கஷ்டப்பட்டு இங்க இறக்கினோம். பெட்டிக்கு உள்ள இருக்கிற குளிர் இன்னைக்குப் பூரா தாங்கும். நாளைக்குக் காலையிலயும் தாங்கலாம். அதுக்கப்புறம் எனக்குத் தெரியாது. அது உங்க படிப்பு.

திரும்ப மேல கொண்டுபோறதா? யாரை வச்சு அகாய்? ஒரு பெட்டி முப்பத்தஞ்சு கிலோ. சுமை ஆளுங்க பதினாலு பேரையும் குதிரைகளையும் முந்தாநாளே கீழ அனுப்பியாச்சே. நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க. இனிமே இவங்களுக்கு இங்க என்ன வேலைன்னு நான் கேட்டேன், சரிதான், சும்மா தின்னுக்கிட்டு இருப்பானுங்கன்னு சொன்னீங்க. உங்க மாணவி பெகிமாயும் அவ கூட்டாளியும் காத்து வேகம் அளக்குற கம்பத்தைப் பிடுங்கிட்டு வர மேல போயிட்டாங்க. சாயங்காலம்தான் இறங்குவாங்க. ரேடியோவா? முகடு மறைக்குது, எடுக்கலை. மூணு தடவை கூப்பிட்டுப் பாத்தேன்னு எழுதி வச்சிருக்கேன்.

படுங்க, படுங்க. இருமல் வருது பாருங்க. இந்தாங்க, இந்தத் தலையணையை முதுகுக்கு வச்சுக்கோங்க.

நேத்து சாயங்காலம் சாப்பாட்டுக் கூடாரத்துக்கு வெளியே குனிஞ்சு நின்னு வாந்தி எடுத்தீங்களே, அப்பவே ஓடி வந்தேன். விரல்ல கருவியை மாட்டிப் பாத்துட்டு, ரத்தத்துல ஆக்சிஜன் அம்பத்தெட்டுன்னு சொன்னேன். உங்க முகம் போன போக்கை நீங்க பாத்திருக்கணும். அம்பத்தெட்டான்னு ரெண்டு தடவை கேட்டீங்க. இத்தனை வருஷம் மலை ஏறின மனுஷன், அம்பத்தெட்டுன்னா என்னன்னு உங்களுக்கு யாரும் சொல்லணுமா? நெஞ்சுல தண்ணி கோத்துக்கிட்டா ஒரு நாளோ ரெண்டு நாளோதான். நகரத்து டாக்டரும் போன்ல அதையேதான் சொன்னாரு. உடனே கீழ இறக்குங்க, வேற பேச்சே வேண்டாம்னாரு.

அப்புறம்தான் அந்தச் சிக்கல். இன்னைக்கு வர வேண்டியது சரக்கு ஹெலிகாப்டர். உங்க பனிக்குன்னு நான் ரெண்டு மாசம் முன்னாடியே சொல்லி வச்சது. நோயாளியை ஏத்தினா அது மருத்துவ வண்டி, சரக்கு ஒரு கிலோகூட ஏத்தக் கூடாது. இன்சூரன்ஸ்காரங்க இப்பப் புதுசாப் போட்ட விதி. மத்தியானத்துக்கு மேல மேகம் இறங்குது, அஞ்சு நாளைக்கு எதுவும் பறக்காது. ஒண்ணு நீங்க போகணும், இல்ல உங்க பனி போகணும்.

நானா முடிவு பண்ண முடியும்? நான் யாரு, சாமான் செட்டு பாக்குறவ. ரேடியோவில நீங்க என்னைப் பேரு சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லையே. சப்ளை, டீசல் எங்க. சப்ளை, எனக்கு உலர்ந்த காலுறை வேணும். சப்ளை, இந்த ரொட்டியை மனுஷன் தின்பானா. அதனால காலையில ஒரு தாள்ல ரெண்டு வரி எழுதிக் கொண்டாந்து நீட்டினேன். முதல் வரி, பெட்டிகளை ஏத்தவும், நான் காத்திருக்கிறேன். ரெண்டாவது வரி, என்னை ஏத்தவும், பெட்டிகள் இங்கேயே இருக்கட்டும். எதுல கோடு போடறீங்களோ அதும்படி நடக்கும்னேன்.

உண்மையைச் சொல்லணும்னா, நீங்க யோசிப்பீங்கன்னு நினைச்சேன். நூத்திப் பன்னெண்டு மீட்டர் பனி. நாலாயிரம் வருஷமா ஒண்ணுக்கு மேல ஒண்ணா விழுந்து உறைஞ்சது. எஜேன்னு என்னை அக்கா முறை வச்சுக் கூப்பிடுவாளே பெகிமாய், ஒரு துண்டை வெளிச்சத்துல பிடிச்சுக் காட்டினா, நடுவுல சாம்பல் மாதிரி ஒரு கோடு. எந்தக் காலத்துலயோ எங்கயோ ஒரு மலை வெடிச்சிருக்கு எஜே, அந்தப் புகைதான் இதுன்னா. எனக்கே உடம்பு சிலிர்த்துப் போச்சு. அடுத்த வருஷம் வந்து திரும்ப எடுத்துக்கலாம்னும் இல்ல. மேலேயே உருக ஆரம்பிச்சிருச்சு, தண்ணி உள்ள இறங்கி எல்லாக் காலத்தையும் கலக்கிடும், இதுதான் கடைசின்னு நீங்களேதான் தினமும் சாப்பாட்டு நேரத்துல பிரசங்கம் பண்ணினீங்க. அக்டோபர்ல வெளிநாட்டு மாநாடு. அப்புறம் ஓய்வு. இருபது வருஷத்து வேலை.

ஒரு தேத்தண்ணி ஆறுற நேரம்கூட ஆகலை அகாய். பேனாவை என் கையிலேருந்து பிடுங்காத குறைதான். ரெண்டாவது வரியில ரெண்டு கோடு போட்டீங்க, பத்தாதுன்னு வட்டமும் போட்டீங்க.

ஐயோ, தப்பா ஒண்ணும் சொல்லலையே. உசுரு பெருசுதானே. யாரா இருந்தாலும் அதைத்தான் செய்வாங்க. அதைத்தான் நானும் சொல்ல வரேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னாடியும் இதே இடத்துலதான், இல்ல? இதே கல்லு மேடு. அப்ப பதினெட்டுப் பெட்டி. அப்பவும் ஜர்லிக்தான் சமையல். அவன்தான் எனக்கு ஒவ்வொண்ணா சொன்னான். ஒரேடியா சொல்லலை. வருஷத்துக்கு ஒரு தடவை நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா மலைக்கு வருவோம், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சொல்லுவான், அப்புறம் அழுதுட்டு எந்திரிச்சுப் போயிடுவான். அந்த மெக்கானிக் பேரு உங்களுக்கு ஞாபகம் இருக்கா? ஜெனரேட்டர் பாத்துக்கிட்ட ஆளு.

ம்ஹூம். தெரியும். ஞாபகம் இருக்காது.

மெதெர். நாப்பத்தொரு வயசு. காலையில குளிருல ஜெனரேட்டர் எந்திரிக்காதுல்ல, தன்னோட மேல் கோட்டைக் கழட்டி டீசல் குழாய்க்குப் போத்தி விட்டுட்டு, சட்டையோட நின்னு அதைக் குதிரையைத் தட்டுற மாதிரி தட்டுவாராம். எந்திரிடி என் கிழட்டுக் குதிரை, வாத்தியாரு துளை போடணுமாம்னு. நீங்ககூடச் சிரிச்சிருப்பீங்க. ஒரு நாளுகூட உங்க துளைக்கருவி கரண்டு இல்லாம நின்னதில்ல. அந்தப் பதினெட்டுப் பெட்டியும் அவரு குளிருல நின்னதால வந்தது.

கடைசி வாரம் இருமல் வந்துச்சு. அவருக்கு நிஜமாவே நெஞ்சுல தண்ணி. ரோஸ் நுரையாத் துப்பினாருன்னான் ஜர்லிக். ஹெலிகாப்டர் வந்தப்ப ஒரு பெட்டி மேலயே சாஞ்சு உக்காந்திருந்தாராம், நிக்க முடியலை. பைலட் பாத்துட்டு உங்ககிட்ட என்ன சொன்னான்? சொல்லுங்க, அதாவது ஞாபகம் இருக்கா? மூணு பெட்டியை இறக்குங்க, இந்த ஆளை ஏத்திக்கிறேன், மூணே மூணு பெட்டின்னான். அதுக்கு நீங்க சொன்னதைத்தான் ஜர்லிக் என்கிட்டச் சொல்ல அஞ்சு வருஷம் எடுத்துக்கிட்டான். ஆளு காத்திருப்பான், பனி காத்திருக்காது. சாயங்காலம் அடுத்த நடை வரும்ல, அதுல வரட்டும்னீங்க.

சொல்லிட்டு நீங்க முன் சீட்டுல ஏறிட்டீங்க. பெட்டிங்களோட போனீங்க. அதை விட்டுட்டேனே.

சாயங்காலம் நடை வரலை. மேகம் இறங்கிருச்சு. மறுநாளும் வரலை. படுத்தா மூச்சு விட முடியலைன்னு ஜர்லிக் அவரைத் தன் நெஞ்சு மேல சாய்ச்சுப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தான். ரெண்டாம் நாள் மத்தியானம், நல்ல வெளிச்சம் இருக்கிறப்ப, ஜெனரேட்டரை அணைச்சுட்டியான்னு கேட்டாராம். அணைச்சுட்டேன் அண்ணேன்னு இவன் சொன்னானாம். அவ்வளவுதான்.

கையை ஏன் அகாய் ஆட்டுறீங்க? தெரியாதுன்னா? நினைக்கலைன்னா? இருக்கலாம். அவரு சாகணும்னு நீங்க நினைச்சீங்கன்னு நான் சொல்லலை. நீங்க அவரை நினைக்கவே இல்ல. அதைக்கூட நான் என்னைக்காவது மன்னிச்சிருப்பேன். மலைன்னா ஆளுங்க சாவாங்க, இந்த ஊர்ல பொறந்த யாருக்குத் தெரியாது.

ஆனா அப்புறம் ஒரு அறிக்கை எழுதினீங்க பாருங்க. நோயாளி தானே கீழே இறங்க மறுத்துவிட்டார். ஒரே ஒரு வரி. அழகான கையெழுத்து உங்களுக்கு.

அதை அவரு வீட்டுக்கு ஒரு நகல் அனுப்பினாங்க. வீட்டுல ஒன்பது வயசுல ஒரு பொண்ணு. எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயசு இல்லையே அது, நல்லாவே படிப்பா. படிச்சுட்டு அவங்கம்மாகிட்டக் கேட்டா, அப்பா ஏம்மா வரமாட்டேன்னு சொன்னாருன்னு. வண்டி வந்து நின்னுச்சே, ஏறினா வீடு, ஏன் ஏறலைன்னு. நம்மளைப் பாக்கப் பிடிக்கலையான்னு. இப்ப அவளுக்குப் பதினஞ்சு. இப்பக் கேக்குறதில்ல. கேக்காம இருக்காளே, அதுதான் பெரிய கொடுமை. அப்பான்ற சொல்லே அந்த வீட்டுல கிடையாது. அவரு போட்டோவைச் சுவத்துப் பக்கம் திருப்பி வச்சிருக்கா.

அன்னைக்குக் கரக்கோல் மைதானத்துல ஹெலிகாப்டர் இறங்கினப்ப ஒரு பொம்பளை ஓடி வந்தாளே, பாத்தீங்களா? வெள்ளை முக்காடு. கையில பிளாஸ்க்ல ஆட்டு எலும்புச் சாறு, கக்கத்துல ஒரு கம்பளி. புருஷனுக்கு உடம்பு சரியில்லைன்னு ரேடியோக்காரன் சொல்லி அனுப்பியிருந்தான், அந்த வண்டியிலயே வந்துருவாருன்னு அவ ஓடி வந்தா. கதவு திறந்துச்சு. வெள்ளை வெள்ளையாப் பெட்டிங்க வந்துச்சு. குளிர் லாரி எஞ்சினை அணைக்காம நிக்குது. தூக்க ஆள் பத்தலை. நீங்க கத்துறீங்க, சீக்கிரம் சீக்கிரம், உருகிடும், அந்தப் பொம்பளையையும் ஒரு கை பிடிக்கச் சொல்லுங்கன்னு. அவ பிளாஸ்க்கைக் கீழ வச்சுட்டு, கம்பளியை அது மேல வச்சுட்டு, மூணு பெட்டி தூக்கினா. ஒண்ணு, ரெண்டு, மூணு. எல்லாம் இறக்கினா உள்ள இருக்கிற அவரு வெளியே வருவாருன்னு நினைச்சா.

மூணு பெட்டி அகாய். பைலட் கேட்ட அதே மூணு.

துக்கத்துக்கும் வந்தீங்க. கம்பளிக் கூடாரத்துக்குள்ள வந்து, தொப்பியைக் கையில பிடிச்சுக்கிட்டு, விஞ்ஞானத்துக்கு உசுரைக் குடுத்த வீரன்னு பேசினீங்க. வெளியே உக்காந்து குதிரைக்கறி சாப்பிட்டுட்டுப் போனீங்க. எங்க வழக்கப்படி கறுப்பு முக்காட்டோட சுவத்தைப் பாத்து உக்காந்து ஒப்பாரி வச்சுக்கிட்டு இருந்தாளே பொண்டாட்டி, அவ முதுகுக்குத்தான் ஆறுதல் சொன்னீங்க. முகத்தை எங்க பாத்தீங்க? பாத்திருந்தா இந்த வருஷம் என்னை வேலைக்குச் சேத்திருக்க மாட்டீங்க.

ஆமா. நான்தான்.

படுங்க. குழாய் இழுத்துக்கும். கனிஷாய்ங்கிற என் பேரு எங்கப்பா பேரோடதான் எல்லாத் தாள்லயும் இருக்கு, மெதெரோட பேரு எங்கயும் இல்ல, நீங்க எப்படிக் கண்டுபிடிப்பீங்க. பள்ளிக்கூடத்துல தையல் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தவ. முதல் வருஷம் மலைக்கு ரொட்டி சுட வந்தேன். ரெண்டாவது வருஷம் கிடங்கு. ரேடியோ கத்துக்கிட்டேன். எந்தச் சிகரத்துல எந்த மாசம் மேகம் இறங்கும், ஹெலிகாப்டர் எவ்வளவு தூக்கும், எத்தனை குதிரைக்கு எத்தனை மூட்டை பார்லின்னு ஒவ்வொண்ணாப் படிச்சேன். முதலுதவிப் பரீட்சை எழுதினேன். ஜெர்மன்காரங்களுக்கு வேலை பாத்தேன், ஜப்பான்காரங்களுக்குப் பாத்தேன். அஞ்சு வருஷத்துல என் கையில ஒரு ஆளுக்குக் குளிருல ஒரு விரல் கறுத்ததில்ல அகாய், ஒரு பெட்டி உருகினதில்ல. கனிஷாய் இருந்தா கவலை இல்லைன்னு பேரு வாங்கினேன். அந்தப் பேரைக் கேட்டுத்தான் நீங்களே கூப்பிட்டு அனுப்பினீங்க. நான் உங்களைத் தேடி வரலை. நீங்க வர்ற வரைக்கும் வேலை பாத்துக்கிட்டு இருந்தேன்.

என்ன பண்ணணும்னு அப்ப எனக்குத் தெரியாது. உங்க கூடாரக் கயித்தை அறுக்கலாமான்னுகூட நினைச்சிருக்கேன். ஜர்லிக் பயந்துட்டான். நீ கொலைகாரி இல்லை எஜேன்னான். இல்லைதான். நான் சாமான் ஏத்தி இறக்குறவ. எதை முதல்ல ஏத்தணும், எதை விட்டுட்டுப் போகணும், அது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

அந்தா, கேக்குதா? வந்துட்டாங்க. பள்ளத்தாக்கு முனையில திரும்புறான். இன்னும் பத்து நிமிஷம்.

பெகிமாய் அழுவா. அது எனக்குத் தெரியும். அவகிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும், அவ மன்னிச்சாலும் சரி, விட்டாலும் சரி. கண்ணைத் திறந்துக்கிட்டுத்தான் செஞ்சேன். ஆனா நீங்க கோடு போட்ட இந்தத் தாளு எனக்கு வேணும். இதை எடுத்துட்டுப் போயி என் மகள் முன்னாடி வைப்பேன். பாருடி, உங்கப்பா இறங்க மறுத்தாருன்னு எழுதின அதே ஆளு, தன் முறை வந்தப்ப, இருபது வருஷத்து வேலையை வெயில்ல போட்டுட்டு ரெண்டு கோடும் ஒரு வட்டமும் போட்டிருக்காரு. வீட்டுக்குப் போற வண்டி வந்து நிக்கிறப்ப உசுருள்ள மனுஷன் எவனும் ஏற மாட்டேன்னு சொல்ல மாட்டான்டி, உங்கப்பாவும் சொல்லலைன்னு சொல்லுவேன். அவ நம்புவா. உங்க கையெழுத்துல எழுதினதை நம்பினவதானே, இதையும் நம்புவா.

அழுகிறீங்களா? மெதெருக்கா, பனிக்கா? சரி விடுங்க, எனக்குத் தெரிய வேண்டாம். உங்க சாவுக்குன்னா வேண்டாம், அதுக்கு மட்டும் அழ வேண்டாம்.

இல்ல, நிஜமாத்தான் சொல்றேன். தரை அதிருது பாருங்க, இறங்கிட்டான், அதனால சத்தமாச் சொல்றேன், நல்லாக் கேட்டுக்கோங்க. நேத்து அந்தக் கருவியில அம்பத்தெட்டு வரலை. எண்பத்தாறு வந்துச்சு. ஜர்லிக்குக்கும் எண்பத்தாறுதான், எனக்கு எண்பத்தினாலு. இந்த உயரத்துல எல்லாருக்கும் அதான். உங்களுக்குச் சளி பிடிச்சிருக்கு அகாய். நேத்து மத்தியானச் சோத்துல கொழுப்பு கொஞ்சம் அதிகமாயிருச்சு, அதான் வாந்தி. வேற ஒரு நோயும் உங்களுக்கு இல்ல.

கழட்டுங்க, இப்பக் கழட்டிக்கலாம். எந்திரிங்க, தாராளமா நில்லுங்க, நிக்க முடியும். கத்துங்க. எனக்கு ஒண்ணுமில்லை, பெட்டியை ஏத்துங்கன்னு கத்துங்க. கீழ இறங்கினதும் சரியாயிடும், இந்த நோயே அப்படித்தான்னு டாக்டருங்க எல்லாருக்கும் தெரியும், அதனால நாளைக்கு நீங்க நல்லா இருக்கிறதைப் பாத்து யாரும் ஆச்சரியப்படப் போறதில்ல. நல்லவேளை நேரத்துக்கு இறக்கிட்டாங்கன்னு என்னைத்தான் பாராட்டுவாங்க.

வாங்க டாக்டர், உள்ளே வாங்க, குனிஞ்சு வாங்க. ஆமா, இவருதான். ஸ்ட்ரெச்சரை இந்தப் பக்கமா வைங்க. காலையிலயே போன்ல சொன்னேன்ல, பிதற்றல்தான், தனக்கு ஒண்ணுமில்லைன்னு கத்துறாரு. இப்ப ரொம்ப அதிகமாயிருச்சு. கையைக் கொஞ்சம் கட்டித்தான் தூக்கணும்.